புள்ளி பிசகின பேர்

ஓம் ஹாமுதுரு, வாசிச்சிரிக்கன். உங்கட மடியில இரிக்கிற அதே புத்தகம் இல்ல, அதுக்கு அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு மூணு. புத்தரும் மேல்நாட்டுத் தத்துவக்காரரும் எண்டு தலைப்பப் போட்டா, உள்ள எப்பவும் ஒரே ஆக்கள்தான் வந்து வரிசையில நிப்பாங்க. இல்ல இல்ல, நீங்க நல்லா இருங்க. நான் விளிம்பில குந்தினாக் காணும். இந்தச் சீற்றுக்கு மேல மதகுருமாருக்கு எண்டு எழுதியிரிக்கி, நீங்க புத்த பிக்கு. நான் வெறும் இங்கிலீசு மாஸ்டர், அதுவும் பென்சன் எடுத்தவன். கல்முனையில முத்தலிப் மாஸ்டர் எண்டு கேட்டா வீட்டக் காட்டுவாங்க. காட்டாட்டியும் குத்தமில்ல.

உங்கட தமிழ் நல்லாரிக்கி. எங்க படிச்ச? குடியேற்றக் கொலனியிலயா? பக்கத்து வயல்காரங்க தமிழாக்களா? அதான் பேச்சில வரம்பு மண் ஒட்டியிரிக்கி. என்ட சிங்களம் கடைச் சிங்களம். என்ன விலை, ஒள்ளம் கூட்டிப் போடு, அவ்வளவுதான். அதாலதான் உங்களக் கண்டதும் பக்கத்தில வந்து குந்தின.

அம்பாறை ரவுணுக்குப் போகல்ல. அதுக்கு இஞ்சால, முகாம் சந்தியில இறங்குவன். ஓம், ஆமி முகாமுக்குத்தான். ஒரு பேர்ல ஒரு எழுத்துப் பிசகியிரிக்கி, அது விசயமா. உங்களுக்குச் சுணக்கம் இல்லாட்டி நீங்களும் என்னோட ஒருக்கா இறங்கினா நல்லம். மறுமொழி இப்பவே சொல்ல வேணாம். சம்மாந்துறை வரட்டும், வீரமுனை வரட்டும், ஆறுதலா யோசிங்க. அதுமட்டும் கதைப்பம்.

ஆருட பேரா? என்ட மகன்ட. யூசுப். அவன் மவுத்தாகிட்டான். மையத்து முகாம்ல கிடக்கு, யோசப் எண்ட பேர்ல. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள ஆள் வராட்டி அவங்களே எரிச்சிருவாங்களாம். எங்கட ஆக்கள எரிக்கப்படாது, உங்களுக்குத் தெரியுந்தானே.

இல்ல, பரவால்ல. அந்தப் புத்தகத்த மூடாதீங்க ஹாமுதுரு. எங்க விட்டம்? ஆ, வரிசையில நிக்கிற ஆக்கள்.

முதல்ல வாறவரு ஸ்கொத்லாந்துக்காரரு. கனத்த ஆள், முகம் பால் அப்பம் மாதிரி. நான் நான் எண்டு சொல்றமே, அந்த நானைத் தேடிப் பாப்பம் எண்டு அவரு ஒருநாள் தனக்குள்ள இறங்கியிரிக்காரு. உள்ள போனா பசி நிக்குது. பல்வலி நிக்குது. பழைய கோவம் ஒண்டு நிக்குது. நானை மட்டும் காணல்ல. வீட்டுக்காரன் இல்லாத வீடு, வாடகைக்காரங்க மட்டும் வாறதும் போறதுமா இரிக்காங்க. இத உங்கட ஆள் எப்பவோ சொல்லிட்டாரு, அனாத்மா எண்டு. என்ன? அனத்தாவா? சரி, பாளியில அனத்தா. நீங்க திருத்தலாம். காலமெல்லாம் புள்ளையளத் திருத்தின ஆள் நான், என்னத் திருத்தினாக் கோவிக்கப்படாது.

ஆனா வித்தியாசத்தப் பாருங்க. உங்கட ஆள் அதக் கண்டதும் மரத்தடியால எழும்பி ஊர் ஊராப் போனாரு. மத்தவருக்கு அதக் கண்டதும் தல சுத்திட்டு. வயித்துக்குச் சாப்பிட்டுட்டு, கூட்டாளிமாரோட காய் உருட்டி விளையாடப் போயிட்டாரு. எனக்கு ரெண்டாவது ஆளத்தான் விளங்குது.

அடுத்தவரு ஜெர்மன்காரரு. அறையில புத்தர் சிலை வெச்சிரிந்தாரு, பொன் பூசி. சடை நாய் ஒண்டும் வளத்தாரு. இந்த உலகத்த ஆட்டுறதே ஆசைதான், ஆசைய அவிச்சாத்தான் ஆறுதல் எண்டு பக்கம் பக்கமா எழுதினாரு. எழுதின கையாலேயே பக்கத்து அறைப் பொம்புளையப் பிடிச்சித் தள்ளிட்டு கோட்டுக்கும் ஏறி இறங்கினாரு. வாசல்ல நிண்டு சத்தமாக் கதைச்சாவாம், அதுக்கு. சிரிங்க ஹாமுதுரு, சிரிக்கலாம். நான் பகிடிக்குத்தான் சொல்றன். அவருக்கு வாசல் சத்தம் பொறுக்கல்ல, பாவம். அவிக்க ஏலாத ஒண்டு எல்லாருக்கும் இரிக்கிதானே.

ஒள்ளம் பொறுங்க, காரைதீவுச் சந்தி. ஆமிக்காரங்க இறங்கச் சொல்றாங்க. நீங்க ஏன் எழும்புற? உங்கள இறங்கச் சொல்ல மாட்டாங்க. நானா? நானும் இருந்து பாப்பம்.

பாத்தீங்களா? அத்தன சனத்தையும் இறக்கி வெயில்ல நிரையா நிக்க வெச்சி அடையாள அட்டை பாக்காங்க. அந்தக் கர்ப்பிணிப் புள்ளையும் நிக்குது. இஞ்ச ஏறின ஆமிப் பொடியன் உங்களக் கும்பிட்டுட்டு, என்ட முகத்தையே பாக்காம இறங்கிட்டான். உங்கட காவியிட நிழல் என்னில விழுந்திட்டு. நான் உங்களுக்குத் தானம் தாற தாயகனோ, கோயில் பூசை பாக்கிற கப்புறாளையோ, என்னமோ எண்டு நினைச்சிருப்பான். தொப்பி? ஓம், வழமையாப் போடுறதான். இண்டைக்குப் போடல்ல.

சரி, ஏறிட்டாங்க. பஸ் எடுத்திட்டான்.

எப்படி நடந்த எண்டா கேக்கீங்க? நாவிதன்வெளிப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு வயல். யூசுப் தண்ணி கட்டப் போனவன். காற்சட்டையும் சேத்துக் காலுமா சைக்கிள்ல திரும்பி வாறான். வழியில மறிச்சி பேர் என்ன எண்டு கேட்டிரிக்காங்க. அட்டை சேட்டுப் பையில, சேட்டு வயல் வாடியில. யூசுப் எண்டு சொல்லியிருப்பான். அவங்கட கையில இரிந்த பேர் யோசப். இவன் வாயைக் குவிச்சி யூ எண்டிருக்கான், அவங்கட காதில யோ எண்டு விழுந்திரிக்கி. மறுகா என்ன நடந்த எண்டு சரியாத் தெரியா. ஓடினான் எண்டு சொல்றாங்களாம். அவன் ஓடுறவன் இல்ல ஹாமுதுரு. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீற்றுக்கு வயித்து வலி எண்டு படுக்கிறவன்.

நாங்க ஆஸ்பத்திரி, பொலிசு எண்டு எல்லா இடமும் தேடினம். இண்டைக்கு விடியச் சுபஹுத் தொழுதிட்டு வாறன், வாசல்ல மீராசா நிக்காரு. முகாமுக்கு மீன் குடுக்கிற ஆள். சாக்கால மூடி வெச்சிருந்தாங்களாம், காத்துக்கு விலக முகத்தக் கண்டிரிக்காரு. இதாரு எண்டு ஒண்டும் தெரியாத மாதிரிக் கேட்டாராம். யோசப் எண்டாங்களாம். தகப்பன் வந்தாக் குடுப்பம், பொம்புளையள் வரப்படாது எண்டும் சொன்னாங்களாம். அவரு இதச் சொல்லி முடிச்சதும் நான் என்ன கேட்டன் தெரியுமா? இண்டைக்கு என்ன மீன் பட்ட எண்டு. அவரும் கீரிமீன் எண்டாரு. ரெண்டு பேரும் நிண்டு ஒருத்தர ஒருத்தர் பாத்தம்.

அந்த யோசப்பா? இரிக்கான், ஒரு இடத்தில ஒளிச்சி. எங்கட பின்வளவுச் சகாயம்மாட மகன். வேதக்கார ஆக்கள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பல்ல, யோசப் அப்ப கைப்புள்ள. ரெண்டு பொடியனும் என்ட மேசையில இருந்துதான் இங்கிலீசு படிச்ச. யூசுப் எண்டு நான் கூப்பிட்டா யோசப் ஓடி வருவான், யோசப்பக் கூப்பிட்டா இவன் ஓம் வாப்பா எண்டுவான். யோசப் ஏதோ நோட்டீஸ் ஒட்டினானாம், ஆமிக்காரங்க சகாயம்மாட வீட்ட ரெண்டு தரம் வந்து பிரட்டிப் போட்டுட்டாங்க. ஒட்டினானா இல்லையா எண்டு நான் கேக்கல்ல. கேட்டா அவன் உள்ளதச் சொல்லிருவான், அப்படி வளத்திட்டம்.

உண்மையில ரெண்டும் ஒரே பேர்தான். நீங்க வேதத்தில பாருங்க, எங்கட கிதாபில பாருங்க, ஒரே ஆள். சகோதரங்க கிணத்துக்குள்ள தள்ளிவிட்டாங்களே, அவரு. அவர்ட வாப்பா அழுது அழுது ரெண்டு கண்ணும் வெளுத்துப் போச்சு. எனக்கு விடிஞ்சதிலேயிருந்து ஒரு சொட்டும் வரல்ல. என்ட கண்ணுக்குப் பழுது வராது போல.

பிசகின பேர் எண்டு சொன்னா, உங்கட ஆளுக்கு நடந்தது தெரியுமா உங்களுக்கு? இந்தப் புத்தகத்தில அது இரிக்கா? இல்லையா? அப்ப காசுக்கு நட்டம். கேளுங்க. அரண்மனையில அடைச்சி வளத்த ராசகுமாரன், வெளிய வந்து கிழவனக் கண்டான், நோயாளியக் கண்டான், மையத்தக் கண்டான், எல்லாத்தையும் விட்டுட்டுப் போனான். இந்தக் கதை மேற்கால நடக்கத் தொடங்கி பக்தாத்துக்கு வந்திட்டு. அறபியில எழுதினாங்க. போதிசத்துவர் எண்ட சொல்லு அறபு வாயில பூதாசப் ஆகிட்டு. அறபியில பே எண்டா கீழ ஒரு புள்ளி. அதே கோட்டுக்கு ரெண்டு புள்ளி போட்டா யே. எங்கட ஓதப் பள்ளியில சின்னதுகள் அடி வாங்குறதே இந்தப் புள்ளிக்குத்தான். ஆரோ ஒருத்தன் எழுதக்குள்ள கண் அசந்தானோ, ஈ வந்து இருந்திச்சோ, ஒரு புள்ளி கூடிட்டு. பூதாசப் யூதாசப் ஆகிட்டாரு. அங்கேயிருந்து ஜோர்ஜியா, கிரேக்கம், லத்தீன் எண்டு போய்ப் போய், கடைசியில கத்தோலிக்கக் கோயில்ல புனிதர். திருநாளும் வெச்சாங்க. ஐரோப்பாக்காரன் எத்தினையோ நூறு வருசமா உங்கட புத்தருக்கு மெழுகுதிரி கொளுத்தியிரிக்கான், ஆரெண்டு தெரியாம.

இத நான் எங்கட ஊர் வேதக்காரக் கோயில் சுவாமிக்குச் சொன்னன், அவர ஒள்ளம் சீண்டுவம் எண்டு. சுவாமி, உங்கட புனிதர் ஒருத்தரு புத்தராம் எண்டன். அவரு தாடியத் தடவிட்டு, மாஸ்டர், பிழையான புள்ளிய உங்கட ஆக்கள்தானே போட்ட எண்டாரு. கெட்டிக்காரன்.

சம்மாந்துறை வந்திட்டு. வெயில் ஏறுது. அந்தப் பக்க யன்னல இழுத்து விடுங்க, அது இறுகினது, ஒள்ளம் தட்டணும். ம், காணும்.

இன்னம் ஒருத்தரு மிச்சம். கிரேக்கன். அலெக்சாந்தர்ட படையோட இந்தியா மட்டும் வந்தவரு. இஞ்ச உடுப்பில்லாத சாமிமாரோட கதைச்சிட்டுத் திரும்பினாராம். அவரு கண்டது உங்கட ஆக்களையா வேற ஆக்களையா எண்டு புத்தகக்காரங்க இன்னமும் அடிபடுறாங்க. திரும்பிப் போன மனிசன் மறுகா எதையும் இது இப்படித்தான் எண்டு அடிச்சிச் சொல்லமாட்டன் எண்டுட்டாரு. நல்லதுமில்ல, கெட்டதுமில்ல, மனசு மட்டும் தண்ணி மாதிரிக் கிடக்கட்டும். ஒருக்காக் கப்பல்ல போகக்குள்ள புயல். எல்லாரும் குழறுறாங்க. கப்பல்ல ஒரு மிருகம், நான் அதுட பேரச் சொல்லல்ல, உங்களுக்கு விளங்கும், அது ஒரு மூலையில நிண்டு தீன் திண்டுகொண்டிருந்திச்சாம். அவரு அதக் காட்டி, ஞானி எண்டா இப்படி இருக்கணும் எண்டாராம்.

இண்டைக்குக் காலம நான் அந்த மிருகம் மாதிரித்தான் இருந்தன். முனவ்வறா, என்ட மனிசி, சத்தம் வெளிய போகாம முந்தானைய வாய்க்குள்ள அடைச்சிக்கொண்டு கிடக்கா. நான் ஆட்டுக்குக் குழை கட்டினன். தேத்தண்ணி குடிச்சன். சீனி காணாது எண்டு போட்டும் குடிச்சன். அதான் உங்களிட்டக் கேக்கணும் எண்டு நினைச்சன். இது நீங்க உபேக்கா எண்டு சொல்ற சமநிலையா, இல்ல மரத்துப் போனதா? ரெண்டுக்கும் வித்தியாசம் என்ன?

ம்.

ம். அப்ப பக்கத்து வீடு எண்டு சொல்றீங்க. பாக்க ஒரே மாதிரி இரிக்கும், உள்ள இரிக்கிறவன் வேற. ஒண்டு எல்லாரையும் ஒரே மாதிரிப் பாக்கும், மத்தது ஆரையும் பாக்காது. நல்லாச் சொன்னீங்க. இந்தப் புத்தகத்தில இரிக்கிறத விட நல்லாரிக்கி. எனக்கு எதெண்டு சொல்லல்ல நீங்க. சொல்லவும் வேணாம்.

என்ன, கடுகுக் கதையா? வேணாம் ஹாமுதுரு. தெரியும். ஆரும் சாகாத வீட்டில ஒரு பிடி கடுகு வாங்கி வா எண்டு அனுப்பினது. போன வருசத்துக்குப் பிறகு எங்கட கரையில ஆரும் அந்தக் கதைய மறந்திருக்க மாட்டாங்க. இஞ்சால எங்கட ஆக்கள், அங்கால தமிழாக்கள், ஒருத்தர்ட வீட்ட ஒருத்தர் எரிச்சி முடிச்சிட்டு, இப்ப ஒரே சந்தையில நிண்டு தேங்காய்க்கு விலை பேசுறாங்க. கடுகுக்குத் தட்டுப்பாடு.

கோவிச்சிட்டீங்களா? இல்லைத்தானே. நான் இப்படித்தான், வாய் நிக்காது. வீட்டிலயும் ஏச்சு வாங்குறவன்.

நான் கேக்க வந்தது வேற. அந்தக் கிரேக்க ராசாவும் ஹாமுதுருவும் கதைச்ச கதை. ஓம், அது நீங்க படிச்சிருப்பீங்க, உங்கட சொந்தச் சாமான். வடக்கால ஆண்ட கிரேக்கன், வாதம் பண்ணினா ஆரையும் விழுத்திருவான். ஒரு ஹாமுதுருவிட்டப் போய் உங்கட பேர் என்ன எண்டு கேட்டான். அவரு பேரச் சொன்னாரு. சொல்லிட்டு, ஆனா அது கூப்பிடுறதுக்கு ஒரு சத்தம்தான் ராசா, அந்தப் பேருக்குள்ள ஆளொண்டும் இல்ல எண்டாரு. ராசாவுக்கு விசர் புடிச்சிட்டு. அப்ப ஆருக்கு நான் சோறு போடுறன், ஆரு இஞ்ச நிண்டு கதைக்கிற எண்டு கேட்டான். அதுக்கு அவரு, நீங்க என்னத்தில வந்தீங்க, தேர்லயா? சில்லா தேர்? அச்சா தேர்? நுகமா தேர்? ஒண்டுமில்லையெண்டா தேர் எங்க? ராசா அடங்கிட்டான். கிரேக்கன் ஒருத்தன் வாதத்தில அடங்கின எண்டா சின்ன விசயமா?

சரி. இப்ப நான் ஒரு கேள்வி கேக்கன், நீங்க இந்தப் புத்தகத்தப் பரீட்சைக்குப் படிக்கிற ஆள், சொல்லுங்க. பேர் வெறும் சத்தம்தான் எண்டா, ஒருத்தன்ட பேர இன்னொருத்தனுக்குச் சொன்னா அது பொய்யா? உங்கட நாலாஞ் சீலம் முறியுமா?

ஆறுதலாச் சொல்லுங்க. வீரமுனைதான் தாண்டுறம்.

ம். அப்ப சத்தத்தில இல்ல, நினைப்பில இரிக்கி எண்டு சொல்றீங்க. ஏமாத்திக் கெடுக்கிற நினைப்பா இல்லையா எண்டுதான் பாக்கணும். இல்ல, நீங்க முழுசா அப்படிச் சொல்லல்ல, அரைவாசிதான் சொன்னீங்க, மத்த அரைவாசிய நான் போட்டுட்டன். எங்கட மார்க்கத்திலயும் நிய்யத்து எண்டு அதத்தான் முதல்ல படிப்பிப்பாங்க. செயலெல்லாம் நினைப்பப் பொறுத்தது. பாத்தீங்களா, மேற்கயும் கிழக்கயும் தேடிப் போனம், நடுவில எங்கட ஓதப் பள்ளியில கிடந்திரிக்கி.

என்ன? இறங்குறீங்களா? என்னோடயா?

அல்ஹம்துலில்லாஹ். இல்ல, ஒண்டுமில்ல, கண்ணுக்குள்ள தூசு. யன்னல நாமதானே திறந்த.

நீங்க என்ன சொல்லுவீங்க அவங்களிட்ட? இது யோசப் இல்ல, யூசுப், கல்முனை முஸ்லிம் பொடியன், எழுத்துப் பிசகிட்டு, எண்டா? சிங்களத்தில சொல்லிக் காட்டுங்க பாப்பம். நல்லாரிக்கி. அழகான சிங்களம். கேட்டா நம்புவாங்க.

அதத்தான் ஹாமுதுரு நீங்க சொல்லப்படாது.

இருங்க, கேளுங்க. இன்னம் ஒள்ளத் தூரந்தான் இரிக்கி. மெதுவாக் கதைப்பம், பின்னால ஆக்கள் இரிக்காங்க. இண்டைக்கு மீராசா போனதும் சகாயம்மா வேலியால வந்தா. கதை எப்படியோ எட்டியிரிக்கி. வந்தவ ஒண்டும் கேக்கல்ல. அடுப்படியில முனவ்வறாக்குப் பக்கத்தில குந்தினா. ரெண்டு பேரும் அடுப்பப் பாத்துக்கொண்டு இருந்தாங்க. அந்த மனிசி கேட்டிருந்தா நான் ஏசி அனுப்பியிருப்பன், சத்தியமா. கேக்கல்ல. மறுகா எழும்பிப் போயிட்டா. போனதுக்குப் பிறகு முனவ்வறாதான் சொன்னா. யோசப் எண்டே எடுத்திட்டு வாங்க எண்டு. நான் விளங்காத மாதிரி நிண்டன். யூசுப் எண்டு நீங்க திருத்தினா, நாளைக்கு அவங்க திரும்பி வந்து மத்தவனத் தேடுவாங்கதானே எண்டா. இங்கிலீசு படிப்பிச்ச நான் இத்தனை புத்தகம் வாசிச்சும் எனக்கு அது ஓடல்ல. அவ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா.

சுவாமிக்குத் தெரியும். அவரு ஒத்துக்கொண்டாரு. வேதக்கார மையவாடியில, மதிலோரம் ஒரு இடம். மக்காப் பக்கம் கிப்லாவப் பாக்க வெக்கணுமெண்டா குழிய மத்தக் குழியளுக்குக் குறுக்கால வெட்டணும். ஆரும் கேட்டா வேர் இடிச்சிட்டு எண்டு சொல்றன் எண்டாரு. குளிப்பாட்ட மீராசா வருவாரு, சகாயம்மாட கிணத்தடிக்கு. தொழுவிக்க நான் காணும். சகாயம்மா மார்ல அடிச்சிக் குழறணும், ஊர் கேக்க. முனவ்வறா அயல்காரி மாதிரிப் போய் ஒரு ஓரமா இரிக்கணும். அவவ விடக் கூடக் குழறப்படாது. அதான் எனக்குப் பயம்.

யூசுப் எங்க எண்டு கேட்டா சவூதிக்குப் போயிட்டான் எண்டு சொல்லுவம். எங்கட ஊர்ல ஒரு வயசுப் பொடியனக் காணல்லயெண்டா சவூதி எண்டாக் காணும், மறுகா ஆரும் கேக்கமாட்டாங்க. கடிதம் வருதா எண்டு கேப்பாங்க. வருது எண்டுவம்.

பள்ளி ஆலிமிட்ட நான் கேக்கல்ல. கேட்டா அவரு பதில் சொல்லிருவாரு.

நீங்க ஒண்டும் சொல்ல வேணாம் ஹாமுதுரு. உங்கட சீலம் உங்களோட இரிக்கட்டும். பக்கத்தில நில்லுங்க, அவ்வளவுதான். பொய்ய நான் சொல்லுவன், என்ட கடைச் சிங்களத்தில. யோசப்கே தாத்தா. சரியா? தாத்தா எண்டா உங்களுக்கு அப்பா, எங்கட ஊர்ல அக்கா. அத நினைச்சிச் சிரிச்சிராம இருந்தாச் சரி. அட்டை கேட்டா, போன வருசம் வீட்டோட எரிஞ்சிட்டு எண்டுவன். நீங்க நிண்டாக் கேக்கமாட்டாங்க.

இப்ப இறங்க ஏலா எண்டு தோணினா, இருந்திருங்க. கோவிக்க மாட்டன். என்னக் காட்டிக் குடுக்கிறதெண்டா மட்டும், மையத்து வெளிய வந்ததுக்குப் பிறகு குடுங்க.

எழும்பிட்டீங்களா?

மெதுவா, படி உயரம். புத்தகத்த நான் பிடிக்கன். ஓம், சந்தி இதுதான், அந்தா தெரியுற தகரக் கொட்டில்தான் வாசல்.

இன்னொண்டு. உள்ள கூட்டிப் போய்ச் சாக்க விலக்குவாங்க. வேதக்காரன் மாதிரி யேசுவே எண்டு சொல்லணும் எண்டு சகாயம்மா காட்டித் தந்தா, வேலியடியில நிண்டு ரெண்டு மூணு தரம் சொல்லிப் பாத்தன். வந்திச்சி. ஆனா முகத்தக் கண்டதும் இந்த வாய் என்ன சொல்லுமெண்டு எனக்குத் தெரியா. அது தன்னால எங்கட வழக்கத்தில இன்னா லில்லாஹி எண்டு தொடங்கினா, நீங்க உங்கட பிரித் ஓதத் தொடங்குங்க ஹாமுதுரு. சத்தமா ஓதுங்க. என்ட குரல் எனக்கே கேக்கப்படாது.